வானொலி வீட்டுப் பந்தி

மைக்கில் மொய் வாசிக்கும் குரலுக்கு மயங்காத காது கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. காதுகுத்தோ கல்யாணமோ, “அல்லிநகரம் முத்துராஜா, ஐந்நூற்று ஒன்று” என்று ஒலிபெருக்கி முழங்கிவிட்டால், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் கை சோற்றிலேயே நின்றுவிடும். உரக்கடை மாடியிலிருந்து ஒலிபரப்பாகும் ‘சுருளிச் சாரல்’ சமூக வானொலியின் பொறுப்பாளர் ஷெரின், வெள்ளம் வந்த வாரத்தில் அந்தக் குரலைத்தான் கடன் வாங்கினாள்.

ஐப்பசி அடைமழையில் ஆறு கரைமீறி சுருளிப்பட்டியின் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்திருந்தது. திராட்சைப் பந்தல்கள் கல்தூணோடு சாய்ந்து கிடந்தன. அதே மழையில் விழுந்த இடி நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரையும் பதம் பார்த்துவிட்டது. எதிர்த்தெருவைத் தாண்டினாலே குரல் கரகரத்தது. ஊரே நனைந்து நிற்கையில் தனக்கு மட்டும் கையேந்த ஷெரினுக்கு மனம் வரவில்லை. வருகிற நன்கொடையில் பாதி டிரான்ஸ்மிட்டருக்கு. மறுபாதி, சுருளிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மகளிர் குழு நடத்தும் சமையல் கூடத்துக்கும், தண்ணீர் சூழ்ந்த லோயர் கேம்ப் முதியோர் இல்லத்துக்கும் என்று அறிவித்தாள். கொடுத்தவர் பெயரையெல்லாம் மொய் ராகத்திலேயே வாசித்தாள். அப்போது வாய்தவறி அல்ல, கேட்பதற்கு நன்றாயிருக்கிறதே என்று எண்ணியே சொன்னாள்: “இது சுருளிப்பட்டிக்கு நாம் எழுதும் மொய்.”

பணம் மடைதிறந்தாற்போல வந்தது. அவள் வாசித்த பதிவு வாட்ஸப்பில் பரவி, நிலையத்தின் அலை எட்டாத தேனியிலிருந்தும் போடியிலிருந்தும்கூட ஜிபேயில் வந்தது. நிர்வாகக் குழுத் தலைவரான ஏலக்காய் வியாபாரி சண்முகராஜ், “ஏம்மா, என் கடைக்கும் நீயே விளம்பரம் வாசிச்சிரு” என்று சிரித்தார்.

மறுநாள் மதியம் சமையல் கூடத்திலிருந்து பாண்டீஸ்வரி அழைத்தாள். மகளிர் குழுவின் தலைவி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“ஷெரினு, நீ ரேடியோவுல என்னத்தச் சொல்லித் தொலைச்ச? அண்டா நெறையாச் சோறு வடிச்சு வச்சுட்டு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு ஆளு வரல.”

ஷெரின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, சேறு படிந்த தன் வீட்டுப் படியைக் கழுவிக்கொண்டிருந்தாள் மொக்கம்மாள். முந்தின நாள்வரை முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தவள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் வயிறு காய்ந்திருப்பது முகத்தில் தெரிந்தது.

“ஏன் அக்கா சாப்பிட வரல?”

“நேத்துவரைக்கும் அது சோறு பாப்பா. நீதான் அதை மொய்யாக்கிட்டியே. எந்தங்கச்சி சம்பந்தி பேரையும் வாசிச்ச. நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துக்கு நான் எதைக் கொண்டுபோய்த் திருப்பிச் செய்வேன்? பந்தலு மண்ணோட மண்ணாக் கெடக்கு.”

“அவுக யாரும் திருப்பிக் கேக்க மாட்டாகக்கா.”

“கேட்டா செய்யிறது மொய்யி? கேக்காமச் செய்யிறதுதான மொய்யி.”

போடியில் ஷெரினின் வீட்டு விசேஷங்களில் பணம் உறைக்குள் வந்து உறைக்குள் போகும். திருப்பிச் செய்வதை அவள் அப்பா பார்த்துக்கொண்டார். மொய்யின் ராகத்தை மட்டும் எடுத்து வந்து, அதன் பாரத்தை ஒரு ஊரின் தலையில் இறக்கிவிட்டிருந்தாள். இந்த ஊர் இன்று சாப்பிடாவிட்டால் நாளை சமையல் கூடம் மூடப்படும். அவள் கேட்டு வாங்கிய அரிசி அவளாலேயே வீணாகும்.

நிலையத்துக்குத் திரும்பியதும் சண்முகராஜிடம் நடந்ததைச் சொன்னாள்.

“பேரு வாசிக்கிறத நிறுத்திருவமா?”

“வாசிச்சது வாசிச்சதுதான அண்ணாச்சி. காத்துல போனதத் திருப்பிப் பிடிக்கவா முடியும்?” சற்று யோசித்தவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சுருளிப்பட்டியில விசேஷமே இல்லையே. அவுகளுக்கு எப்படி மொய் வரும்? விசேஷம் நம்ம வீட்டுலதான். புது டிரான்ஸ்மிட்டர் வருது. மொய்யி மொத்தமும் நம்ம பேருல இருக்கட்டும். மொய் வாங்குன வீடு பந்தி போடணும்ல? பிரிச்சுக் குடுக்கிற பங்கு சொன்னபடியே போகும். அதுதான் நம்ம பந்தி.”

வியாபாரி கணக்கைப் பிடித்துவிட்டார். “அப்ப இத்தனை வீட்டுக்கும் திருப்பிச் செய்ய வேண்டியது நாமளா? ஆயுசுக்கும் அடையாதும்மா.”

“அடைய வேணாம் அண்ணாச்சி. அவுக வீட்டு நல்லதுக்கும் நம்ம மைக்கு காசில்லாமப் போகும், கெட்டதுக்கும் போகும். அதுக்குத்தான ரேடியோ வச்சிருக்கோம்?”

சண்முகராஜ் தாடையைத் தடவினார். “தை மாசம் என் பேரனுக்குக் காதுகுத்து. மொத மைக்கு அங்கன வரணும்.”

மாலை ஒலிபரப்பில் ஷெரின் ராகமில்லாமல் பேசினாள். சுருளிப்பட்டிக்கு மொய் என்று தான் சொன்னது பிழை. மொய் வானொலியினுடையது, திருப்பிச் செய்யும் கடமையும் வானொலியினுடையதே. உடன்படாதவர்கள் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றாள். ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் மைக்கில் அழைத்தால் யாரும் விருந்துக்கு வருவதில்லை. வாசலுக்குப் போய் அழைக்க வேண்டும். விடிந்ததும் ஷெரினும் சண்முகராஜும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சுருளிப்பட்டியில் வீடு வீடாக ஏறினார்கள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, சண்முகராஜ் அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தார். மொக்கம்மாள் தாம்பாளத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்ன விசேஷமாம்?”

“எங்க வீட்டுக்குப் புது டிரான்ஸ்மிட்டர் வருதுக்கா. குடும்பத்தோட வந்து பந்தியில உக்காரணும்.”

“அதுக்கும் காது குத்துவீகளோ?”

“குத்துனாத்தான கேக்கும்” என்றார் சண்முகராஜ்.

மொக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

மதியம் பள்ளிக்கூடத்து வராந்தா நிறைந்தது. தெருவில் இருந்தவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இருப்பதில் நல்ல துணியை உடுத்தி வந்திருந்தார்கள். முந்தின நாள் ஆளில்லாமல் கிடந்த அண்டாவைச் சுற்றி, பாண்டீஸ்வரி ஆட்களை அதட்டிக்கொண்டு நின்றாள். “ஏலே, இலைய நுனி மாத்திப் போடாத.”

மொக்கம்மாள் கடைசியாக வந்தாள். இடுப்பில் ஒரு கூடை. சாய்ந்த பந்தலுக்கு அடியில் சேறு படாமல் தப்பிய பன்னீர் திராட்சையைக் குலைகுலையாக அறுத்து, கழுவி, அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். அதை ஷெரினின் முன்னால் வைத்தாள்.

“விசேஷ வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டா வாரது? எழுதிக்க. வாசிக்கும்போது ஊரு பேரச் சேத்து வாசிக்கணும்.”

ஷெரின் கைபேசியை நிலையத்தோடு இணைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய ராகத்தைப் பிடித்தாள். “சுருளிப்பட்டி மொக்கம்மாள், பன்னீர் திராட்சை ஒரு கூடை.” சாய்ந்த பந்தல்களைத் தாண்டி அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போனதோ, வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டது. அத்தனை கைகளும் சோற்றில் நின்றன.

மொக்கம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

“சாம்பார்ல உப்பு கம்மி. விசேஷ வீட்டுக்காரவுக பந்தியில நின்னு கவனிக்க வேணாமா?”

“இந்தா வந்துட்டேன்க்கா” என்று ஷெரின் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள்.