கத்தரிப்பூ நிறக் கதவு

அன்றைக்கு அடித்த காற்றில் என் மண்டையில் மிச்சமிருந்த மூன்று முடியும் கடல் தாண்டிக் குடியேறிவிட்டன. எங்கள் தெரு எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, மறுபக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மாடு மேகத்துக்குள் நின்று அசை போட்டதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இதையெல்லாம் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். என் மாப்பிள்ளை கண்டுபிடித்த கணக்கு அது. படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன் நான். கிழித்த காலத்தை விடக் கதை அளந்த காலம்தான் அதிகம். நான் வாயைத் திறந்தாலே, "வகுத்துட்டேன் மாமா, மேல சொல்லுங்க" என்பார் அவர்.

அவருக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடிப் படகு. போன வருஷம் கடையில் மிஞ்சிக் கிடந்த பெயிண்ட் டப்பாக்களை வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கினார். நீலம் வரும் என்று நினைத்தாராம். வந்தது கத்தரிப்பூ நிறம். படகுக்கு அடித்தது போக மீதியை வீட்டு வாசல் கதவுக்கு அடித்தார். ஊரே சிரித்தது. மீனெல்லாம் வெட்கப்பட்டு வேறு கடலுக்குப் போய்விடும் என்று நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். மகளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. தீவில் வேறெங்கும் அந்த நிறம் கிடையாது.

புயலன்று மத்தியானம், படகைக் காற்றுக்கு மறைவாகத் தீவின் மறுகரையில் கட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் காற்று வந்துவிட்டது. அவர் வரவில்லை.

எல்லாம் ஓய்ந்தபோது மகள் வீட்டுக்கு மேலே கூரை இல்லை, முன்னே கதவு இல்லை. மறுகரைக்குப் போகும் பாதை அறுந்து கிடந்தது. போனும் செத்திருந்தது. அப்போதுதான் கரையில் முழ நீளத்துக்கு ஒரு பலகைத் துண்டு ஒதுங்கியது. கத்தரிப்பூ நிறம்.

கதவின் துண்டு என்றால் மாப்பிள்ளை மறுகரையில் யார் வீட்டிலாவது டீ குடித்துக்கொண்டிருக்கலாம். படகின் துண்டு என்றால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கதவுதான் என்று முதலில் கத்தியவன் நான். கதவு பறந்து போய்க் கடலில் விழுந்து, தீவை இரண்டு சுற்று நீந்தி, அலுத்துப்போய்த் துண்டு துண்டாகப் பிரிந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டு வலைக்காரர் என்றைக்கும் என் பேச்சை நம்பாதவர். அன்று அவரும், ஆமாம், நானும் பார்த்தேன் என்று தலையாட்டினார். மகள் துண்டைக் கழுவித் துடைத்து, கதவு போன வாசல் நிலையில் சாய்த்து வைத்தாள். மீதித் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள்.

கதவு சுக்குநூறாகக் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது. கூரை போன வகுப்பறையில், பெஞ்சுகளின் மேல் மல்லாந்து, ஆள் தூங்குவது போல. தாழ்ப்பாளுக்குப் பதிலாக மாப்பிள்ளை கட்டிய நைலான் கயிறுகூட அவிழவில்லை. எங்காவது ஒரு சில்லு பெயர்ந்திருக்காதா என்று நாலு ஓரத்தையும் தடவித் தடவிப் பார்த்தேன். கடலுக்குள் தள்ளிவிடலாமா என்றும் தோன்றியது. கை வரவில்லை.

வெறுங்கையோடு திரும்பினேன். வாய்க்குள் ஆயிரம் கதை முட்டிக்கொண்டு நின்றது. மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பெருசாக்காம சொல்லுங்கப்பா."

"கதவு கிடைச்சிருச்சும்மா."

"முழுசாவா?"

"முழுசா."

நிலையில் சாய்த்திருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைப் பத்தால் வகுத்துப் பார்த்தேன், நூறால் வகுத்துப் பார்த்தேன். குறையவில்லை.

சாயங்காலம் வலைக்காரரும் நானும் கதவைத் தூக்கி வந்து மாட்டினோம். கதவைச் சாத்திக் கயிற்றைக் கட்ட மட்டும் அவள் விடவில்லை.