இருட்டாக வேண்டிய இதயம்

முந்நூறு பேருக்குச் சமைக்கிற கைக்கு ஒரே ஒருவரைப் பட்டினி போடத் தெரியவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அவள் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. கணவர் வெல்டர், மூன்று வருடங்களுக்கு முன் இதயத்தில் உலோக வால்வு வைத்துக்கொண்டவர். ஆறு வாரமாக அவருக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. உடம்புக்குள் எங்கோ கிருமி குடியேறியிருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. வால்விலேயே என்றால் நெஞ்சை மறுபடி திறந்து வால்வை மாற்ற வேண்டும். வேறு இடமென்றால் நெஞ்சைத் திறப்பதே வீண் ஆபத்து.

சாதாரண ஸ்கேனில் வால்வின் உலோகம் சுற்றியுள்ளதை மறைத்தது. அதனால் இதய டாக்டர் வேறொரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். கிருமியோடு உடம்பு சண்டை போடுகிற இடம் அதை அள்ளித் தின்று படத்தில் பளிச்சென்று எரியும். இதில் ஒரே தொல்லை, இதயமும் சர்க்கரை தின்னும். முந்தின நாள் முழுக்க மாவும் இனிப்பும் கண்ணில் காட்டாமல், முட்டையும் இறைச்சியும் மட்டும் கொடுத்து, பிறகு வெறும் தண்ணீரில் வைத்திருந்தால்தான் அது சர்க்கரையை மறந்து இருட்டாகும்.

"புரிஞ்சுதாம்மா?" என்று ஸ்கேன் அறைப் பெண் மூன்று தடவை கேட்டாள். இவளும் மூன்று தடவை தலையாட்டினாள்.

ஸ்கேனுக்காகச் செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது மனிதர் பசியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பு மாட்டினார். வெறும் வயிற்றோடு யாரையும் வாசல் தாண்ட விட்டுப் பழக்கமில்லாதவள் அவள். ஒரு வாய் பாலில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று, அரை டம்ளர் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். ஊசி போடுமுன் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது, வெல்டர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பச்சைத் தண்ணிதான்" என்றார்.

மத்தியானம் டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். இதயம் முழுக்க மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுல கிருமி எது, இதயம் எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இனிமே காத்திருக்க முடியாதும்மா. வெள்ளிக்கிழமை திறந்து பாத்துடறேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் பிழைக்கும். மனிதர் பிழைப்பாரா?

"நான்தான் டாக்டர். காலையில சர்க்கரை போட்டுப் பால் குடுத்தேன்."

"கேட்டது நான்தான்," என்று வெல்டர் குறுக்கே விழுந்தார்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க ஒண்ணும் கேக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை பேர் பட்ட பாடு அரை டம்ளர் பால்ல போச்சே!"

"நல்லாத் திட்டுங்க. ஆனா இன்னொரு தடவை படம் எடுங்க. அதுக்கப்புறம் திறங்க."

டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்தார். கீழே போய்க் கேட்டால், அடுத்த முறை கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றாள் ஸ்கேன் அறைப் பெண். நாளை மறுநாள் வியாழக்கிழமையும் ஸ்கேன் உண்டு, ஆனால் ஊசி மருந்து ஆள் கணக்குப்படிதான் வரும். சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும், எடுத்து வைக்கவும் முடியாது. "யாராவது வரலேன்னா ஒரு ஊசி மிஞ்சும். நிச்சயமில்ல."

"அப்ப காலையில ஏழு மணிக்கே வந்து உக்காந்துக்கறோம். மிஞ்சினா எங்களுக்கு."

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். வீட்டிலிருந்த அரிசி, ரொட்டி, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தாள். இருமல் மருந்து பாட்டிலைக்கூட முகர்ந்து பார்த்தாள். இனிப்பு வாசம் அடித்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, அதையும் நிறுத்தினாள். வெல்டருக்கு மூன்று வேளையும் முட்டையும் வறுத்த இறைச்சியும். மூன்றாவது வேளையில் அவர், "நான் என்ன புலியா?" என்று கேட்டார். "புலி இவ்வளவு பேசாது, சாப்பிடுங்க" என்றாள்.

சாயங்காலம் நாத்தனார் ஒரு பை நிறைய பழத்தோடு வந்து நின்றாள். இவள் வாசலை விட்டு நகரவில்லை.

"என் தம்பியைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா?"

"கொல்லப் பாத்தது நேத்து, அண்ணி. இன்னிக்குக் காப்பாத்தப் பாக்கறேன். உள்ள வாங்க, பை மட்டும் வெளியில இருக்கட்டும்."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் பையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு இருவரும் ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் எழுந்து போனார்கள். பத்தரைக்கு வெல்டர் சுவரில் தலை சாய்த்து, "போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எழுந்துவிடாதபடி அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. யாரும் சொல்லாமல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை அது.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. அரை மணி பார்த்துவிட்டு ஸ்கேன் அறைப் பெண் கதவைத் திறந்தாள். வெல்டரிடம் கேட்காமல், நேராக இவளிடம்தான் கேட்டாள்.

"ஏதாவது குடுத்தீங்களா?"

"தண்ணி. சத்தியமா தண்ணி மட்டும்தான்."

ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, பிறகு படம் எடுத்தார்கள். டாக்டரே கீழே இறங்கி வந்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்.

"இதயம் எங்க டாக்டர்?"

"இதோ, இந்தக் கருப்பு. வால்வைச் சுத்தி ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்ல." அவர் விரல் கீழே இறங்கி, முதுகெலும்பில் எரிந்த ஒரு புள்ளியில் நின்றது. "சண்டை இங்கதான். செவ்வாய்க்கிழமை சர்க்கரை எல்லாம் இதயத்துக்கும் சதைக்கும் போனதுல இது மங்கிப் போச்சு. முதுகு வலின்னு அவர் சொன்னப்ப, குனிஞ்சு வேலை செய்யற வெல்டருக்கு அது சகஜம்னு நானும் விட்டுட்டேன். அங்கிருந்து ஊசி வெச்சுக் கொஞ்சம் எடுத்து என்ன கிருமின்னு பாக்கணும், பல வாரம் மருந்து ஏத்தணும். சுலபமில்ல. ஆனா நெஞ்சைத் திறக்க வேண்டாம்."

அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு உடைந்தது. டாக்டர் மேலே பேசிக்கொண்டே அடுத்த படத்துக்கு மாற்றினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு இன்னும் கிட்டே போனாள்.

"டாக்டர், அந்த இருட்டை இன்னொரு தடவை காட்டுங்க."