கேப்டனின் நாற்காலி

கேப்டனின் மனைவிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க முதல் முறையாக விமானம் ஏறப் போகிறாள். அதைவிடப் பெரிய சங்கதி விமான நிலையத்தில் இருக்கும் அந்த லவுஞ்ச். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய், விமானம் கிளம்பும் வரை சொகுசாக உட்கார்ந்து, வேண்டியதைச் சாப்பிடலாமாம். தையல் கூலியில் மிச்சம் பிடித்து இருவருக்கும் அவளே பதிவு செய்துவிட்டாள்.

கேப்டன் என்றதும் கப்பலைத் தேட வேண்டாம். ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர், அவ்வளவுதான். "இங்க வந்து கேப்டன்னு கூப்பிடாதே. யாராவது பிளேனை ஓட்டச் சொல்லிடப் போறாங்க" என்று விமான நிலைய வாசலிலேயே அவளை எச்சரித்திருந்தார்.

அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்தே வயிறு நிறைகிற மனுஷன் அவர். வீட்டில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார். சொந்தக் கல்யாண விருந்திலேயே, பின்வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை என்று மாப்பிள்ளை எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் மணப்பெண் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது. ஒரு தடவையாவது இவர் தன் எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு இருக்கிற ஒரே ஆசை இதுதான்.

லவுஞ்சுக்குள் நுழைந்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். கண்ணாடிச் சுவருக்கு வெளியே விமானங்கள். உள்ளே மெத்து மெத்தென்று சோபாக்கள், ஆவி பறக்கும் பாத்திரங்கள், கேக்குகள், வெட்டிவைத்த பழங்கள். எதை எடுப்பது, எதை விடுவது? இரண்டு தட்டு நிறைய எடுத்து வந்து ஜன்னலோர மேசையில் வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் எதிர் நாற்காலி காலி.

தப்பு சட்டையில் ஆரம்பித்தது. பயணத்துக்கென்று அவள் வாங்கிக் கொடுத்த கட்டம் போட்ட சட்டையை விட்டுவிட்டு, "நாலு பேர் வர்ற இடம், டீசன்ட்டா இருக்க வேண்டாமா" என்று வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அதே உடுப்பு. யாரோ ஒருவர் அவரைப் பார்த்து ஸ்பூன் கேட்டிருக்கிறார். இவரும் சட்டென்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒருவருக்குத் தண்ணீர், இன்னொருவருக்கு சூப். இப்போது எச்சில் தட்டுகளைக் கை நிறைய அடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியோடு போய்க்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானத்துக்கு அதிக நேரமில்லை. நூடுல்ஸ் வேறு ஆறிக்கொண்டிருந்தது. "என்னங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். காதில் விழுந்தால்தானே. வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு வீட்டுக் குரல் கேட்காது.

சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை உயர்த்தி, வாடிக்கையாளர் தோரணையில் அழுத்தமாகக் கூப்பிட்டாள்.

"கேப்டன்."

அடுத்த நொடி மனுஷன் அவள் முன்னால் நின்றார். "சொல்லுங்க மேடம், என்ன வேணும்?" கேட்டு முடித்த பிறகுதான் ஆளைப் பார்த்தார்.

"எதிர்ல உட்காந்து சாப்பிட ஒரு ஆள் வேணும்" என்றாள் அவள். "இருபத்தாறு வருஷமா ஆர்டர் குடுத்துட்டு உட்காந்திருக்கேன். இன்னும் வரல."

கேப்டன் ஆறிப்போன தட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தட்டு பாதி காலியானபோது அவருக்குக் கேக்கின் நினைப்பு வந்தது. அவர் எழப் பார்த்தார்.

"நீங்க இருங்க. நான் எடுத்துட்டு வரேன்."

போய்விட்டாளே தவிர, திரும்பிப் பார்க்கவே பயம். கேக்கோடு வரும்போது பக்கத்து மேசைக்காரர் கை நீட்டி அவரிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. அவர் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கேப்டன் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும் சார்" என்றார். "நானும் சாப்பிட வந்தவன்தான். வீட்டுக்காரிக்காகக் காத்துட்டிருக்கேன்."