நிற்கிற கார், நிற்காத கார்

வாசலில் இரண்டு கார்கள் நின்றன. எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி சுசீலாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. எந்த நேரமும் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஒன்று, ரெம்பியாவில் நான் வாடகைக்கு ஓட்டும் பழைய பெட்ரோல் கார். முன்னால் இருக்கும் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் கிளம்பிவிடும். ஆனால் மேட்டில் சூடேறினால் நின்றுபோகும், ஆறினால்தான் அசையும். இன்னொன்று, மலாக்காப் பட்டறைக்காரர் ஒருவர் டீசல் எஞ்சின் பொருத்தி, ஓட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பியது. முப்பத்தெட்டாம் வருஷத்தில் டீசல் என்றால் லாரிதான். காருக்கு டீசல் என்றதும் கடைத்தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

போன வருஷம் தலைப்பிரசவத்துக்குப் பெட்ரோல் காரில்தான் போனோம். செங் என்ற ஊரைத் தாண்டியதும் மேட்டில் நின்றுவிட்டது. ரப்பர் மரத்தடியில் பிள்ளை பிறந்தது. அது அழவே இல்லை.

எஞ்சின்தான் பிள்ளையைக் கொன்றது என்பது என் கட்சி. மாமியார் காளியம்மாவின் கட்சி வேறு. செங்குக்கு முன்னால் சாலையோரம் முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்த வழியில் ஓடும் தமிழ் டிரைவர் எவனும் அங்கே எஞ்சினை அணைத்து, இறங்கி, சாமிக்குச் சுருட்டு வைக்காமல் போகமாட்டான். நான் அன்று அவசரத்தில் நிறுத்தாமல் போனேன். அதற்குப் பிறகு மாமியார் என்னை மாப்பிள்ளை என்று அழைப்பதில்லை. "கார்க்காரருக்குக் குழம்பு வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே.

வாசலில் இரண்டு கார்கள் நின்ற அன்று காலை, தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் ஓட்டும் சுப்பன் டீசல் காரைக் கிளப்ப உதவிக்கு வந்தான். இருவரும் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினோம். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஒருவழியாக டீசல் இருமிக்கொண்டு கிளம்பியது. சுசீலா ஜன்னலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எஞ்சின் சத்தத்துக்கு மேல் சுப்பன் கத்தினான். "சேகரா, இந்தச் சாவி வெளக்குக்கு மட்டுந்தான். திருப்புனாலும் எஞ்சின் நிக்காது. டீசலுக்கு எண்ணெய அடைக்கணும். இந்தக் குமிழ இழுத்தாத்தான் நிக்கும் லா."

தலையாட்டினேன். காதில் ஏறியதா என்பது வேறு விஷயம். அதற்குள் சுசீலா வலி கண்டு, "என்னங்க" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

எந்தக் காரை எடுப்பது? சட்டென்று கிளம்பி நடுவழியில் விடுவதையா, மல்லுக்கட்டிக் கிளம்பி நிற்காமல் ஓடுவதையா?

"டீசல எடு. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. எங்கயும் நிறுத்தாமப் போ" என்றான் சுப்பன்.

பின் சீட்டில் சுசீலா மாமியாரின் மடியில் சாய்ந்திருந்தாள். அவள் முனகும்போதெல்லாம் வண்டியை இன்னும் விரட்டினேன். கோயில் கண்ணில் பட்டதும் மாமியார், "நிறுத்தச் சொல்லு" என்றார் மகளிடம்.

"நிறுத்துறேன் அத்த. ஆனா எஞ்சின அணைக்க மாட்டேன். அணைச்சா கெளம்புமோ கெளம்பாதோ."

"சாமி முன்னால உறுமிக்கிட்டா நிக்கிறது? போன வருசம் பட்டது போதாதா?"

அந்த வார்த்தை சுட்டது. எஞ்சினை ஓடவிட்டு இறங்கினேன். தீக்குச்சி கிழிக்கக் கிழிக்க அணைந்தது. எப்படியோ சுருட்டைப் பற்றவைத்துத் திரும்பினால், மாமியார் முன்பக்கம் எக்கிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

என் உயிர் போயிற்று. சுப்பன் சொன்ன ஒரு வார்த்தையும் ஞாபகத்தில் இல்லை. மேட்டில் நின்ற கார்தான் ஞாபகத்தில் இருந்தது. "அத்த, வேணாம்" என்று ஓடினேன்.

எஞ்சின் நிற்கவில்லை. மாமியார் சாவியை இப்படியும் அப்படியும் திருப்பினார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு கோயிலைப் பார்த்தார். பிறகு கும்பிட்டார்.

"நிக்காமப் போன்னு சொல்லுது சாமி. போங்க."

நானும் அந்த மண்ணில் விழுந்து கும்பிட்டேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு ஓட்டின ஓட்டம் எனக்கே நினைவில்லை. செங் மேட்டில் கார் சற்றும் திணறாமல் ஏறியது மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்தக் குமிழை இழுத்தபோதுதான் சுப்பன் சொன்னது மண்டையில் உறைத்தது. சாவிக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. மாமியாரிடம் சொல்ல வாய் எடுத்தேன். அவரோ சுசீலாவைத் தாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் பெண் குழந்தை பிறந்தது. வராந்தாவரைக்கும் கேட்கிற மாதிரி அழுதது. டீசல் காரே இருக்கட்டும் என்று பட்டறைக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டு, கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"அந்தச் சாவி வெளக்குக்குத்தானே?" என்றாள் சுசீலா, மெல்ல.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"சுப்பண்ணன் கத்துனது ஜன்னல்ல நின்ன எனக்குக் கேக்காதா?"

"அங்கயே சொல்லியிருக்கலாமே. எனக்குப் பாதி உசுரு போச்சு."

"சொல்லத்தான் வந்தேன். அம்மா கும்பிட்டாங்க. விட்டுட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

கதவு திறந்தது. மாமியார் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். மகளைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் நீட்டினார்.

"குடிங்க, மாப்பிள்ள. காலையிலேருந்து பட்டினியா கெடக்கீங்க."

கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"எல்லாம் சாமி புண்ணியம், அத்த" என்றேன்.