மூடி வைத்த கஞ்சி

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வளவு. மூன்று கல்லின்மேல் கொதிக்கும் கிடாரத்துக்கு முன்னால் சீவரத்தினம் நின்றார். உரும்பிராய்க் கோயில் அன்னதானத்துக்கு இருபது வருடம் சமைத்த கை அது. இப்போது அந்த ஊரே இடம்பெயர்ந்து வந்து, பேணியும் கோப்பையுமாக மழையில் வரிசையில் நிற்கிறது.

ஆமி வருகிறதென்று சனமெல்லாம் வலிகாமத்தை விட்டு நடந்த அன்று, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் மனைவி உதயகலாவின் கை அவர் கையிலிருந்து விடுபட்டுப்போனது. ஆறு நாளாகிறது. தினமும் முதல் அகப்பைக் கஞ்சியை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி மூடி வைப்பார். ஆருக்கென்று கேட்டால், "உதயகலா வருவா. பசியோடை வருவா" என்பார். பின்னேரம் ஆறிப்போனதைத் தானே குடிப்பார்.

அன்றும் தூக்குச்சட்டியை மூடி வைத்த பிறகுதான், ஊரில் பக்கத்து வீட்டு முருகேசு சொட்டச் சொட்ட நனைந்து வந்து, காதோடு சொன்னார்.

"சீவரத்தினம், உன்ரை மனுசி முந்தநாள் கைதடியிலை செத்துப்போனா. காய்ச்சல். நீ எங்கையெண்டும் தெரியேல்லை, பிரேதத்தை வைச்சிருக்கவும் வழியில்லை. நான்தான் கொள்ளி வைச்சனான்."

சீவரத்தினம் ஓவென்று அழுதிருக்க வேண்டும். ஆனால் அழுதால் செத்தவீட்டுத் துடக்கு வெளியே தெரிந்துவிடும். துடக்குக்காரன் காய்ச்சிய கஞ்சியைத் தீட்டென்று உரும்பிராயார் வாயில் வைக்கமாட்டார்கள். பசி வந்தால் பத்தும் பறக்குமாம். எங்கள் சனத்துக்குத் துடக்கு மட்டும் பதினோராவதாக நின்றுகொள்ளும். கிடாரத்தில் கிடப்பதோ கடைசி மூட்டை அரிசி. அடுத்த லொறி எப்போது வருமென்று கடவுளுக்கும் தெரியாது.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பிள்ளையளுக்கு நேற்றும் அரை வயிறுதான்."

அயலில் செத்தவீடென்றால் தன் கிணற்றுத் தண்ணீரையே யோசித்துக் குடிக்கிற மனிதர் முருகேசு. வாயைத் திறந்தார். வரிசையைப் பார்த்தார். போய் அதன் கடைசியில் நின்றுகொண்டார்.

சீவரத்தினம் ஊற்றினார். புகைக்குக் கண் கலங்குகிறது என்று சனம் நினைத்தது, நினைக்கட்டும். கட்டியவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடாத கை, ஊரை ஏமாற்றி ஊருக்கே கஞ்சி ஊற்றுகிறதே என்று நெஞ்சு குமுறியது. ஆனாலும் ஊற்றினார்.

கடைசியாக முருகேசு பேணியை நீட்டினார். சீவரத்தினத்தின் முன்னாலேயே நின்று, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"உப்பு அளவாய்க் கிடக்கு" என்றார்.

கிடாரத்தை வழித்து முடித்த பிறகு, அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்று கண்டதும் அவள் முகம் செத்துப்போனது. பிறகு அந்தத் தூக்குச்சட்டி அவள் கண்ணில் பட்டது.

"அண்ணை, உது ஆருக்கும் எடுத்து வைச்சதோ?"

ஆறு நாளும் சொன்ன பதில் சீவரத்தினத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

"இல்லைப் பிள்ளை. இனி ஒருத்தரும் வரமாட்டினம். குடியுங்கோ."