படத்தில் பிடிபட்ட வலி

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் விசில் டீச்சர். ஐம்பது வயதிலும் பிள்ளைகளுக்குச் சமமாக மைதானத்தில் ஓடுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிசைகிறாற்போல ஒரு வலி வர ஆரம்பித்தது.

ஈசிஜி சரியாக இருந்தது. ஆஞ்சியோவிலும் அடைப்பு இல்லை. "டென்ஷனைக் குறைச்சுக்குங்கம்மா" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கணவருக்கு அது வசதியாகப் போயிற்று. "நான்தான் சொன்னேனே, எல்லாம் உன் மனசுல இருக்கு."

ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே நாலு பேரிடம் விசாரித்து, வேறொரு ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டாள்.

"மறுபடியும் டெஸ்ட்டா? இதுலயும் ஒண்ணும் இல்லன்னா?" என்றார் கணவர்.

"வலி எனக்குத்தானே வருது? நீங்களும் வாங்க. அவங்க சொல்றத உங்க காதாலயே கேளுங்க."

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தவளிடம் டெக்னீஷியன் பெண் மைக்கில் பேசினாள்: "மருந்து ஏத்துறேன்க்கா. ஓடுறப்ப மாதிரி இதயம் வேலை செய்யும். பயப்படாதீங்க."

இரண்டே நிமிஷத்தில் அந்த வலி வந்தது. "இதேதாம்மா! வந்துடுச்சு!" என்று கத்தினாள், திருடன் கையும் களவுமாகச் சிக்கியதுபோல.

ஸ்கேன் முடிந்து அவள் வெளியே வந்ததும், அங்கிருந்த டாக்டரம்மா கணவரையும் உள்ளே கூப்பிட்டு, திரையை இருவர் பக்கமும் திருப்பினார். துடிக்கும் இதயத்தின் உள்விளிம்பில் கறுப்பாக ஒரு வளையம்.

"பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லங்கறது சரிதான். ஆனா அதுலேர்ந்து பிரியற பொடிக் குழாய்ங்க தேவைப்படறப்ப போதுமான ரத்தம் விடல. அதான் கறுப்பா தெரியுது. ஆஞ்சியோல இது தெரியாது. உங்க வலி நிஜம். மாத்திரை இருக்கு, கட்டுப்படுத்தலாம்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

"வியாதி இருக்குன்னு சொன்னதுக்குச் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

கணவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவையும் வச்சுக்கிட்டா ஓடிட்டு இருந்த?" குரல் இறங்கியிருந்தது. "நான் வேற வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

மாத்திரையில் வலி முழுக்கப் போய்விடவில்லை. பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சத்துக்கு அவள் பயப்படவில்லை. அடுத்த மாதம் படத்தை எடுத்துக்கொண்டு முதல் டாக்டரிடமே போனாள்.

"சண்டைக்கு வரல சார். என்னை மாதிரி இன்னொருத்தி வந்தா, டென்ஷன்னு அனுப்பிடாதீங்க."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, "அந்த ஆஸ்பத்திரி நம்பர் சொல்லுங்க" என்றார்.