மொக்கைச்சாமி மாஸ்டரின் அருகம்புல்

பசுமலை அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர் மொக்கைச்சாமி கால்பந்து மைதானம் அமைத்துக்கொண்டிருந்தார். அமைத்துக்கொண்டே இருந்தார் என்றால் இன்னும் பொருத்தம். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித் தாம்பாளம் மாதிரி சமப்படுத்தி முடிப்பார். ஒரு மழை அடிக்கும். மலைத் தண்ணீர் நேரே இறங்கி மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு கண்மாய்க்குப் போய்விடும். மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அது உலகச் சண்டை நடந்த காலம். காலி இடம் கண்டால் தானியம் போடு என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் அனந்தநாராயணன் ஒரு நாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"மாஸ்டர், இந்த ஐப்பசி மழைக்கு மைதானம் நின்னா ஃபுட்பால். கரைஞ்சா கேப்பை. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கப்படாது."

மாஸ்டர் பட்டாளத்தில் பந்தாடிக் கப் வாங்கியவர். வெளியூர் மைதானங்களில் போய்த் தோற்றுத் தோற்று அவருடைய பையன்களுக்கு வெட்கமே விட்டுப்போயிருந்தது. சொந்த மண்ணில் அவர்கள் ஒரு தடவையாவது ஜெயிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படியொரு ஆசை.

மலைப்பக்கம் நீளமாக ஒரு கரை போட்டார். தண்ணீர் ஒதுங்கிப் போக அதன் பின்னால் வாய்க்கால் வெட்டினார். கரை கரையாமலிருக்க அருகம்புல் பதித்து, ஆடி முழுக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். வீட்டு முருங்கைக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷர் என்று மனைவி முத்துத்தாய் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. மாஸ்டர் குளித்துத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்தார். பிள்ளையார் கழுத்தில் தடித்த அருகம்புல் மாலை.

"எங்க புள்ள கிடைச்சுச்சு? இம்புட்டுப் பச்சையா, தூசி தும்பு இல்லாம!"

"நல்ல இடமாப் பாத்துப் பறிச்சோம்" என்றாள் முத்துத்தாய்.

கொழுக்கட்டை வாய்க்குள் இருந்ததால் மாஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போனவருக்கு உயிரே போய்விட்டது. கரை மொட்டையாகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளையார். தெருவே திரண்டு வந்து கிள்ளியிருந்தது. திரும்பி வந்து தெரு நடுவில் நின்று பெண்களைப் பார்த்துக் கத்தினார்.

"பள்ளிக்கூடத்துப் புல்லு அது! இனிமே எவளாவது தொட்டீகன்னா பாத்துக்கங்க!"

"சாமிக்குத்தானங்க பறிச்சோம்."

"சாமி என்ன ஃபுட்பாலா விளையாடுது?"

கருவேல முள்ளை வெட்டிவந்து கரையை அடைத்தார். முள் பாதிக் கரைக்குத்தான் கண்டது. மீதிப் பாதிக்கு அவரும் அவர் விசிலும் காவல். அவர் வகுப்புக்குள் போகிற நேரம் பார்த்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாருக்கென்று வந்து கிள்ளிக்கொண்டு போனார்கள். முள்ளுக்குள் இருந்த புல்லோ சாண் உயரத்துக்குச் செழித்து நின்றது. இந்தப் பாதியாவது தப்பும் என்று அதைப் பார்த்துப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டி ஓய்ந்த காலையில், தலைமையாசிரியர் குடையும் கையுமாக வந்தார். முள் அடைத்த பாதியில் வளர்ந்த புல் அப்படியே சாய்ந்து படுத்திருந்தது. அதற்கு அடியில் மண் பெயர்ந்து, கரை உடைந்து கோல் கம்பத்தடியில் கிடந்தது. பெண்கள் கிள்ளிய பாதியில் புல் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் இறக்கியிருந்தது. ஒரு பிடி மண் நகரவில்லை.

"அதுக்கு என்ன பண்ணினீர், இதுக்கு என்ன பண்ணினீர்?"

மாஸ்டர் உடைந்த பாதியைக் கை காட்டினார்.

"அதை முள்ளு வச்சுக் காத்தேன் சார். இதைக் காக்க முடியலை."

தலைமையாசிரியர் குடைக்குள் சிரித்தார். "அப்போ காக்கறதை நிறுத்தும். கோடை மழை வரைக்கும் தவணை. அதுக்கும் நின்னா கேப்பைப் பேச்சே இல்லை."

மாஸ்டர் முள்ளைப் பிரித்தெறிந்தார். கரையைத் திரும்பப் போட்டுப் புல் நட்டார். அது நன்றாகத் துளிர்த்த அன்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, வார வெள்ளிக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கரைப்பக்கம் வர்றியா?"

"ஆத்தாடி, பள்ளிக்கூடத்துப் புல்லாச்சே! தொட்டா விசில் ஊதுவாகளே!"

மாஸ்டர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் கரை நெடுக வரிசையாக நின்றார்கள். முத்துத்தாய் விசில் ஊதினாள். எல்லோரும் குனிந்து கிள்ளத் தொடங்கினார்கள். மாஸ்டர் மட்டும் இடுப்பில் கைவைத்து, மேற்பார்வை பார்க்கிற தோரணையில் நின்றார்.

முத்துத்தாய் அவரைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஊதினாள்.

மாஸ்டர் குனிந்தார்.